கோஸ்டா ரிகாவுக்கு நர்சிங் மாணவர்களை அனுப்புவது படிப்பா, சுற்றுலாவா?

ஜெர்சி_மாணவி
நியூஜெர்சியில் பி.எஸ்.என். எனும் நர்சிங் பட்டப்படிப்பில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். இந்தக் கோடையில் எங்கள் கல்லூரி ஒரு குழுவைக் கோஸ்டா ரிகாவுக்கு அனுப்பியது. கம்யூனிட்டி ஹெல்த் பாடத்தில் அது சேரும். ஸ்பானிஷ் பேசும் நாட்டுக்குப் போய் வருவது வெறும் செலவு என்று இங்கே சிலர் சொல்வதால், பார்த்ததை எழுதுகிறேன்.

அங்கே என்னை முதலில் அசத்தியவர் அட்டாப் எனப்படும் சுகாதாரப் பணியாளர். ஒவ்வொரு பகுதிக்கும் எபாய்ஸ் என்று ஒரு சின்ன மருத்துவக் குழு உண்டு. ஒரு டாக்டர், ஒரு நர்சிங் உதவியாளர், பதிவேடு பார்ப்பவர், அப்புறம் இந்த அட்டாப். ஏறக்குறைய நாலாயிரம் பேருக்கு ஒரு குழு. 1995 முதல் இது நடக்கிறது. தடுப்பூசி ஐஸ் பெட்டியோடு அவர் வீடு வீடாகப் போகிறார். பிரஷர் பார்க்கிறார், கர்ப்பிணி செக்கப்புக்குப் போனாரா என்று கேட்கிறார், டெங்கு கொசு வளரும் என்று பின்கட்டில் இருக்கும் டிரம்மைக் கவிழ்க்கச் சொல்கிறார். நோய் ஆபத்து அதிகமுள்ள வீடு என்றால் வருடத்தில் கூடுதல் தடவை வருகிறார். அமெரிக்காவைவிட மிகக் குறைவாகச் செலவழிக்கும் நாட்டில் சராசரி ஆயுள் அமெரிக்காவைவிட ஏன் அதிகம் என்பது அந்தத் தெருவில் நடந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

ஹூஸ்டன்_ஐசியு
தங்கச்சி, நீ பார்த்தது நல்ல விஷயம். மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பயணங்கள் முடிந்து வேலைக்கு வருபவர்களை நான் வார்டில் பார்க்கிறேன். எங்கள் நோயாளிகளில் பெரும் பகுதி ஸ்பானிஷ் பேசுபவர்கள். சில வாரம் போய் வந்த புது நர்ஸ், 'எனக்குக் கொஞ்சம் ஸ்பானிஷ் வரும்' என்ற தைரியத்தில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடாமலே இன்சுலின் போடக் கற்றுக்கொடுக்கிறார். எத்தனை யூனிட், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதில் ஒரு சொல் மாறினால் அந்த அம்மா மயங்கி விழுவார். 1964 குடிமை உரிமைகள் சட்டமும் 2010 சுகாதாரச் சட்டமும் தகுதியான மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது ஆஸ்பத்திரியின் கடமை என்று வைத்திருப்பது காரணத்தோடுதான்.

இன்னொன்று. சில குழுக்கள் சர்ச் ஹாலில் ஒரு நாள் கேம்ப் போடுகின்றன. ஒருவருக்கு பிரஷர் 190 என்று வருகிறது, அன்று சாயங்காலம் குழு பஸ் ஏறிவிடுகிறது. அப்புறம் அவரை யார் பார்ப்பது? லைசென்ஸ் இல்லாத மாணவர் சொந்த ஊரில் செய்ய அனுமதியில்லாததை, ஏழை நாடு என்பதால் அங்கே செய்வது எனக்குச் சகிக்கவில்லை.

ஜெர்சி_மாணவி
அக்கா, கேம்ப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. எங்கள் குழு எபாய்ஸோடுதான் போனது. நாங்கள் கூட நடந்தோம், பார்த்தோம், சொன்னால் பிரஷர் எடுத்தோம். எடுத்த அளவு அங்குள்ள குடும்பப் பதிவேட்டுக்குப் போனது.

மொழி விஷயத்தில் எனக்கு நேர்ந்தது நேர்மாறு. ஒரு பாட்டி வேகமாகப் பேசப் பேச, பாதி புரியாமல் எங்கள் குழுவே 'சி, சி' (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டியது. அவருக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாமே என்ற எண்ணம்தான். எங்கள் வார்டில் நோயாளிகள் தலையாட்டுவதும் இப்படித்தானே? இனி யாராவது தலையாட்டினால், சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பேன், மொழிபெயர்ப்பாளர் வழியாக.

பழைய_டியூட்டர்
மதுரையிலிருந்து எழுதுகிறேன். நர்சிங் பள்ளியில் நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தவள். வீடு வீடாகப் போவதைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டுமா அம்மா? எங்கள் பிள்ளைகள் கம்யூனிட்டி போஸ்டிங்கில் ஃபேமிலி ஃபோல்டர் எனும் குடும்ப சுகாதாரக் குறிப்பு எழுதித்தான் பாஸ் ஆகிறார்கள். கிராம சுகாதார நர்ஸ் செய்வதும் இந்த வேலைதான். அதை விடு, உன் கல்லூரிக்கு ரயில் தூரத்தில்தான் நியூயார்க். அங்கே லில்லியன் வால்ட் என்ற நர்ஸ் 1893-ல் ஏழைக் குடியேறிகளின் வீடுகளுக்குப் போய் நர்சிங் செய்ய ஆரம்பித்தார், பிறகு ஹென்றி ஸ்ட்ரீட்டிலிருந்து நர்ஸுகளை அனுப்பினார். வீட்டுக்குப் போகும் நர்சிங் உங்கள் நாட்டின் சொந்த மரபு. அதைச் சொல்லிக்கொடுக்காமல் விமான டிக்கெட் போடும் கல்லூரிமேல்தான் எனக்கு வருத்தம்.

ஜெர்சி_மாணவி
மேடம், ஹென்றி ஸ்ட்ரீட் பாடத்தில் இருக்கிறது, ஆனால் தெருவில் அது பெரிதாக மிச்சமில்லை. இன்று மெடிகேர் எனும் முதியோருக்கான அரசுக் காப்பீடு பணம் கொடுத்து ஒரு நர்ஸ் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் டாக்டரோ நர்ஸ் பிராக்டிஷனர் போன்றவரோ உத்தரவு போட வேண்டும், நோயாளி வீட்டைவிட்டு வெளியே போவதே கஷ்டம் என்று காட்ட வேண்டும். அதாவது ஆள் படுத்த பிறகுதான் வருவார்கள். கோஸ்டா ரிகாவில் எந்த நோயும் இல்லாத வீட்டுக் கதவையும் தட்டுகிறார்கள். இதை நான் நியூயார்க்கில் எங்கே போய்ப் பார்ப்பது?

சான்_ஹோசே_வாசி
கோஸ்டா ரிகாவில் வேலை பார்க்கும் தமிழன். எங்கள் குழந்தை பிறந்த பிறகு அட்டாப் வந்து எடை பார்த்துத் தடுப்பூசி அட்டையைச் சரிபார்த்தார். அதற்கு நன்றியோடு இருக்கிறேன். ஆனால் சகோதரி பார்த்தது முன்வாசல். 1941-ல் தொடங்கிய காஹா எனும் பொதுக் காப்பீட்டு நிறுவனம்தான் எல்லாவற்றையும் நடத்துகிறது. மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். இருந்தும் மூட்டு ஆபரேஷனுக்கும் ஸ்பெஷலிஸ்டுக்கும் காத்திருப்புப் பட்டியல் மிக நீளம். ஸ்கேனுக்கு, வசதி உள்ளவர்கள் தனியாரிடம் காசு கொடுத்துப் போகிறார்கள். வருகிற குழுக்களுக்கு இதையும் காட்டுங்கள்.

இன்னொரு விஷயம்: ஜூன், ஜூலையில் வருவது கல்லூரி விடுமுறைக்குத்தான் தோது. காப்பி அறுவடை நவம்பரில் ஆரம்பித்துப் பிப்ரவரி வாக்கில் முடியும். அப்போது லோஸ் சாந்தோஸ் மலைப்பக்கம் பனாமாவிலிருந்து நாபே பழங்குடிக் குடும்பங்கள் குழந்தை குட்டியோடு பழம் பறிக்க வருகின்றன, நிகராகுவாக்காரர்களும் வருகிறார்கள். நிரந்தர விலாசம் இல்லை, பலருக்கு ஸ்பானிஷே இரண்டாம் மொழி. அட்டாபின் வேலை கடினமாவது அப்போதுதான்.

ஹூஸ்டன்_ஐசியு
இது எனக்குப் புதுத் தகவல், நன்றி அண்ணா. அப்படியானால் என் நிபந்தனை இது: டிசம்பர் விடுமுறையில் போகட்டும், அதற்கு முன் ஒரு செமஸ்டர் மருத்துவ ஸ்பானிஷ் படித்துத் தேர்வில் தேறியவர்கள் மட்டும் போகட்டும். ஊசி, கேம்ப் எதுவும் கூடாது.

ஜெர்சி_மாணவி
ஊசியும் கேம்ப்பும் கூடாது என்பதில் உங்களோடு நிற்கிறேன் அக்கா. தேர்வு வேண்டாம். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ராத்திரி நர்சிங் ஹோமில் வேலை பார்த்துப் படிப்பவர்கள். கூடுதல் பாடத்துக்குக் கட்டணம் கட்ட அவர்களால் முடியாது. தேர்வு வைத்தால் வசதியுள்ளவர்கள்தான் போவார்கள். பாடத்தைக் கல்லூரியே இலவசமாக நடத்தினால் ஒப்புக்கொள்கிறேன்.