எண்ணெய்க் கிணற்றுக்குள் நிலத்தடி நீர் புகாமல் தடுப்பது எப்படி?

மீஞ்சூர்வாசி:
எங்கள் பகுதியில் 1960களிலிருந்தே கடல்நீர் நிலத்தடியில் ஏறிவருவதால், ஆழ்துளைக் கிணற்றில் குழாய் இறக்கியும் உப்புநீர் கசிகிறது. நரிமணம் போன்ற இடங்களில் எண்ணெய்க்குத் துளையிடுவோர் மேலடுக்கு நீரை எவ்வாறு தடுக்கிறார்கள்?

எண்ணூர் பொறியாளர்:
ஐயா, இரும்புக் குழாய் மட்டும் போதாது. குழாய்க்கும் பாறைக்கும் இடையிலுள்ள இடைவெளியே நீருக்கு வழி. எனவே சிமெண்ட் கலவையைக் குழாயினுள் செலுத்தி, அடிமுனை வழியாக வெளியேற்றி, அந்த இடைவெளியில் மேல்நோக்கி ஏறச் செய்து இறுகவிடுகிறார்கள்.

தண்டையார்பேட்டை வாசகர்:
துளையிடும்போது கிணற்றுக்குள் சுற்றவிடும் சேற்றுக் கலவை துளையின் சுவரில் ஒட்டியிருந்தால் சிமெண்ட் பிடிக்காது; பலர் மறக்கும் செய்தி இது. குழாய் ஒருபக்கம் சாய்ந்தாலும் அங்கே சேறு தங்கிவிடும் என்பதால் அதை நடுவில் நிறுத்தும் வளையங்களைப் பொருத்தி, பிறகு ஒலியலைக் கருவியால் சிமெண்டின் பிடிப்பைச் சோதிக்கிறார்கள்.

மீஞ்சூர்வாசி:
எங்கள் ரிக்காரர் குழாயைச் சுற்றி மேலிருந்து கீழ்வரை ஜல்லியே கொட்டினார்.

எண்ணூர் பொறியாளர்:
ஜல்லி நீரை வடிகட்டும், அடைக்காது. உப்பு அடுக்கு உள்ள ஆழத்தில் சிமெண்டோ, நீரில் ஊறிப் பருத்து அடைக்கும் பென்டோனைட் களிமண்ணோ இட்டிருக்க வேண்டும்.