அதே மோட்டார், அதே ப்ராப், பேட்டரி மட்டும் வேறு

காத்தாடிக்காரன்:
2212 அளவு மோட்டார், 1000 கேவி (சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று), 10 அங்குல ப்ராப் (முன்னால் சுழலும் விசிறி), 3எஸ் லைப்போ (மூன்று செல் தொடராகக் கோத்த லித்தியம் பேட்டரி). நண்பரின் டிரெய்னர், அதாவது ஓட்டிப் பழகும் ரிமோட் விமானம், இதில் சமர்த்தாகப் பறந்துகொண்டிருந்தது. மோட்டார் பெட்டியில் 4எஸ் வரை என்று போட்டிருக்கிறதே என்று 4எஸ்ஸை மாட்டிவிட்டார். நான் வாலைப் பிடித்துக்கொண்டேன். அவர் வாட்மீட்டரைப் பார்த்தபடி த்ராட்டிலை ஏற்றினார். வழக்கமாக 16 ஆம்பியரில் நிற்கும் எண் 20, 23, 26... "இன்னும் கொஞ்சம்தான்" என்கிறார்! அதற்குள் வார்னிஷ் கருகும் வாடை. நிறுத்திப் பார்த்தால் செம்புச் சுற்று ஒரு பக்கமாகக் கறுத்திருக்கிறது. பெட்டியில் எதற்கு அப்படிப் போடுகிறார்கள்?

ஓடுபாதை:
பெட்டியைத் திட்டாதீர்கள். 4எஸ் போட்டால் ப்ராப்பைச் சின்னதாக்க வேண்டும், அவ்வளவுதான். ப்ராப்பை மாற்றாமல் வோல்டேஜை மட்டும் ஏற்றினால் கரண்ட் அதைவிட வேகமாக ஏறும். என் கண்ணெதிரே ஒரு இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) புகைந்திருக்கிறது, அது கிடக்கட்டும். புதிதாக வாங்குகிறவர்கள் கேவியில் ஆரம்பிக்காதீர்கள். பேட்டரியோடு சேர்த்து விமானத்தை எடை போட்டுப் பாருங்கள். டிரெய்னருக்குக் கிலோவுக்குச் சுமார் 200 வாட் வேண்டும், 3டி (மூக்கை மேலே தூக்கி அந்தரத்தில் நிற்பது போன்ற வித்தைகள்) பறக்க 300க்கு மேல். அப்புறம் சக்கரத்தின் உயரத்துக்கு எவ்வளவு பெரிய ப்ராப் தரையில் இடிக்காமல் சுழலும் என்று பாருங்கள். அதற்கும் பேட்டரிக்கும் தோதான கேவி கடைசியில்தான். இஎஸ்சி முழு த்ராட்டில் கரண்டைவிடக் கால் பங்காவது கூடுதலாக இருக்கட்டும்.

நுரைவிமானி:
வாட் கணக்கை மட்டும் நம்புவதா? அது பேட்டரியிலிருந்து போகிற சக்தி. விமானத்தை இழுக்கும் விசையாக எவ்வளவு மாறுகிறது என்பது ப்ராப்பைப் பொறுத்தது. இரண்டடுக்கு இறக்கை வைத்த ஒரு ஃபோம் விமானத்தில் 2200 கேவி, 6 அங்குல ப்ராப் பார்த்தேன். வாட் தாராளம், சத்தமோ காதைக் கிழித்தது. மூக்கைத் தூக்கியதும் அப்படியே தொங்கிச் சரிந்தது. அதே விமானத்தில் 900 கேவி, 10 அங்குலம் போட்டார்கள்; பாதி த்ராட்டிலிலேயே ஏறியது. மெதுவான விமானத்துக்குக் குறைந்த கேவி, பெரிய ப்ராப்.

ஓடுபாதை:
பெரிய ப்ராப்பைத்தான் நானும் சொன்னேன். திரும்பப் படியுங்கள்.

நடுத்தண்டு:
காத்தாடிக்காரன், கறுத்தது ஒரு பக்கம் மட்டும்தானா? 26 ஆம்பியரில் வெந்தால் சுற்று முழுதும் கறுக்கும். எனக்கு வந்த ஒரு மோட்டாரில் மவுண்ட் திருகாணி கொஞ்சம் நீளம். முனை உள்ளே போய்க் கம்பியின் பூச்சைச் சுரண்டியிருந்தது. கழற்றிப் பாருங்கள்.