ஆஞ்சியோகிராம்: கை வழியாகச் செய்துகொண்டவர்களும் தொடை வழியாகச் செய்துகொண்டவர்களும்

திருச்சி உறுப்பினர்:
எனக்கு ஆஞ்சியோகிராம் (இதய ரத்தக்குழாய்களில் அடைப்பு உள்ளதா என்று பார்க்கும் சோதனை) வலது மணிக்கட்டு வழியாகச் செய்தார்கள். மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு கதீட்டர் என்ற மெல்லிய குழாய் உள்ளே ஏறியதே தெரியவில்லை. ஆனால் முழங்கைக்கு மேலே திடீரென்று இறுக்கிப் பிடித்ததுபோல் வலித்தது. ரத்தக்குழாய் சுருங்கிக்கொண்டதாகச் சொல்லி மருந்து செலுத்தியதும் வலி தளர்ந்தது. ரத்தக்குழாய்கள் எக்ஸ்ரேயில் தெரிவதற்கான சாய மருந்து சென்றபோது உடல் முழுதும் சூடு பரவி, படுக்கையிலேயே சிறுநீர் கழித்துவிட்டேனோ என்று கூசிப்போனேன். இப்படித் தோன்றுவது இயல்புதான் என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடைப்பு தெரிந்ததால், அதே துளை வழியாகவே ஸ்டென்டும் (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தார்கள்.

தஞ்சாவூர் உறுப்பினர்:
என் தந்தைக்குத் தொடை வழியாகத்தான் செய்தார்கள். சோதனை விரைவில் முடிந்துவிட்டது. அதன் பின் காலை மடக்காமல் மணிக்கணக்கில் மல்லாந்து கிடந்ததுதான் முதுகுவலிக்காரரான அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. கையில் ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். அவருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டிருப்பதால், பின்னாளில் டயாலிசிஸ் தேவைப்பட்டால் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைக்கும் அமைப்பு) அமைக்கக் கையிலுள்ள ரத்தக்குழாய்கள் கெடாமல் இருக்க வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். சாய மருந்தும் சிறுநீரகத்துக்குச் சுமை என்பதால் சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவைச் சோதனைக்கு முன்பும் பின்பும் பார்த்தார்கள்.

கேத் லேப் (ஆஞ்சியோகிராம் செய்யும் அறை) செவிலியர்:
மணிக்கட்டுத் தமனிக்கு அடியில் எலும்பு இருப்பதால் அழுத்தி ரத்தத்தை நிறுத்துவது எளிது. உள்ளங்கைக்கு இன்னொரு தமனியும் ரத்தம் கொண்டுவருகிறது. காற்றடைத்த பட்டையைக் கட்டி, காற்றைச் சிறிது சிறிதாக இறக்குவோம். நாங்கள் பயன்படுத்தும் 6 பிரெஞ்ச் (குழாயின் தடிமனுக்கான அலகு) அளவுக் கதீட்டரின் தடிமன் 2 மி.மீ. மட்டுமே என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. இதயத்துக்குள் குழாய் போவதா என்று அஞ்சுகிறவர்களிடம், 1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் மருத்துவர், சிறுநீர்ப்பாதைக்கான கதீட்டரைத் தம் இடக்கைச் சிரைக்குள் தாமே செலுத்திக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போன கதையைச் சொல்வேன். அவருக்கு 1956-இல் நோபல் பரிசும் கிடைத்தது என்றதும் பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள்.

வீடு திரும்பியபின் துளையிட்ட இடத்தில் ரத்தம் கசிந்தால், துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருக்காமல், விரலால் அழுத்திப் பிடித்தபடியே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.