இணையத்தில் மளிகை: இந்த வளர்ச்சி நிலைக்குமா?

தேம்ஸ்கரை:
“ஆன்லைன் மளிகையெல்லாம் கொரோனா காலத்துப் பழக்கம், அதோடு முடிந்தது” என்று பக்கத்து இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிரிட்டனில் கொரோனாவுக்கு முன் உணவுப்பொருள் விற்பனையில் இணையத்தின் பங்கு சுமார் 5 சதவீதம். 2021 தொடக்கத்தில் அது 12 சதவீதம் வரை போனது. ஊரடங்கு முடிந்ததும் இறங்கியது உண்மைதான். ஆனால் பழைய 5க்குத் திரும்பவில்லை, 9ஐ ஒட்டி நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் வந்தவர்களில் பெரும்பகுதியினர் பழகிப்போய்த் தங்கிவிட்டார்கள்.

இது நேற்று முளைத்ததும் அல்ல. 1984இல் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் ஜேன் ஸ்னோபால் என்ற 72 வயதுப் பாட்டி, வீட்டு டிவியையும் ரிமோட்டையும் வைத்து டெஸ்கோ என்ற சூப்பர்மார்க்கெட்டில் மார்ஜரின், கார்ன்ஃபிளேக்ஸ், முட்டை ஆர்டர் செய்தார். வெளியே போய்வரச் சிரமப்படும் முதியவர்களுக்காக நடந்த முயற்சி அது. தேவை அப்போதே இருந்தது.

கணக்குப்பிள்ளை:
தேவை இருக்கட்டும். கூலி யார் கொடுப்பது?

சூப்பர்மார்க்கெட் நிற்பதே வாடிக்கையாளரின் இலவச உழைப்பில்தான். தள்ளுவண்டியைத் தள்ளுவது, தக்காளியைப் பொறுக்குவது, பையைச் சுமந்து வீடு சேர்ப்பது எல்லாம் நாம். அப்படியிருந்தும் இந்தத் தொழிலில் நிகர லாபம் நூற்றுக்கு இரண்டோ மூன்றோதான். அதே வேலைகளைச் சம்பள ஆளை வைத்துச் செய்து, வண்டியில் ஏற்றி, வீட்டுக்கு அனுப்பினால் அந்த மூன்று ரூபாய் எங்கே மிஞ்சும்?

அமெரிக்காவில் வெப்வேன் என்ற இணைய மளிகை நிறுவனம் 1999இல் பங்குச்சந்தைக்கு வந்தது. 100 கோடி டாலருக்குக் கிடங்குகள் கட்ட ஒப்பந்தம் போட்டது. அவ்வளவு பெரிய கிடங்குகளுக்குத் தீனி போட ஆர்டர் வரவில்லை, 2001இல் திவால். பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். இஸ்தான்புல்லில் தொடங்கிய கெட்டிர் என்ற அதிவேக மளிகை டெலிவரி நிறுவனம் 2022இல் சுமார் 1,200 கோடி டாலர் மதிப்பு பெற்றது. பெர்லினில் இதே தொழில் செய்த கொரில்லாஸை அதே ஆண்டு விழுங்கியது. 2024இல் பிரிட்டன், ஜெர்மனி, நெதர்லாந்து, அமெரிக்கா எல்லாவற்றிலும் கடையைக் கட்டிவிட்டு துருக்கிக்கே திரும்பிப் போனது. முதலீட்டாளர் பணம் வந்தவரை ஓடியது, அவ்வளவுதான்.

தேம்ஸ்கரை:
வெப்வேன் காலத்திலேயே டெஸ்கோவும் இதே தொழிலில் இறங்கியதே? அது விழவில்லை. காரணம், புதுக் கிடங்குகளில் பணத்தைக் கொட்டாமல், இருக்கிற கடையின் அலமாரிகளிலிருந்தே ஆள் வைத்து எடுத்தது. விடியற்காலையில் பெரிய கிளைகளுக்குப் போனால் பார்க்கலாம்: பெட்டிகள் அடுக்கிய டிராலி, கையில் ஸ்கேனர், ஒரே சுற்றில் பல வீட்டுச் சாமான். டெலிவரிக்குத் தனிக் கட்டணம் உண்டு. வண்டி வரும் நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அதனால் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஒரே வண்டியில் கொடுத்து முடிக்க முடிகிறது. நீங்கள் சொன்ன கூலியை வாடிக்கையாளர்தான் கொடுக்கிறார், தெரிந்தேதான் கொடுக்கிறார்.

ஹான்நதி:
கொரியாவில் இதைவிட வேகம். கர்லி என்ற இணைய மளிகைக் கடையில் இரவு 11 மணிக்குள் ஆர்டர் போட்டால் காலை 7 மணிக்குள் கீரையும் மீனும் வாசலில் இருக்கும். அடுக்குமாடி வளாகங்கள் நெருக்கமாக இருப்பதும், இரவில் சாலை காலியாகக் கிடப்பதும்தான் காரணம். ஒரே கட்டடத்தில் பல கதவுகள். ஆனால் அந்தப் பெட்டியை விடியுமுன் வைத்துவிட்டுப் போகிறவர் ராத்திரி முழுக்கத் தூங்காதவர். டெலிவரித் தொழிலாளர்களின் மரணங்களை வைத்து அங்கே தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகளாகப் போராடுகின்றன. வளர்ச்சி என்று பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுவோம்.

மளிகைக்காரன்:
எல்லாரும் வெளிநாட்டுக் கதை பேசுறீங்க. நான் கோவையில கடை வெச்சிருக்கேன். எனக்குச் சரக்கு சப்ளை பண்ற ஸ்டாக்கிஸ்ட் போடுற ரேட்டைவிடக் கம்மியா அதே சோப்பு, அதே எண்ணெய் ஆப்ல வீட்டுக்கே போகுது. இதுல நான் எப்படி நிக்கிறது? அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு 2024ல போட்டி ஆணையத்துக்கிட்ட இதையேதான் புகாரா கொடுத்துச்சு, அடக்க விலைக்கும் கீழ வித்து எங்களை ஒழிக்கிறாங்கன்னு. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது எங்களுக்கு ஒண்ணும் புதுசு இல்லீங்க. மாசச் சாமான் லிஸ்ட்டைக் கொடுத்தா பையன் சைக்கிள்ல கொண்டுபோய் இறக்கிட்டு வருவான். சம்பளம் வந்ததும் நோட்டுல வரவு வெச்சுக்குவோம். எந்த ஆப் ஒரு கூலிக்காரர் வீட்டுக்கு அவர் முகத்தைப் பார்த்து அரிசி கடன் கொடுக்கும்?

செம்பருத்தி:
அண்ணே, உங்க கஷ்டம் நிஜம். ஆனா கணக்குப்பிள்ளை சார் சொன்ன அந்த “இலவச உழைப்பு” பத்தி நான் பேசியே ஆகணும். அது யாரோட உழைப்பு? ஆபீஸ் விட்டு வந்து, குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு, ரெண்டு கையிலயும் பை தூக்கிட்டு வந்தது பெரும்பாலும் பொம்பளைங்கதானே. அதை யாரும் கணக்குல எழுதல. இப்போ காசு கேட்கிறப்போதான் அது வேலைன்னே எல்லாருக்கும் தெரியுது.

இன்னொண்ணு. எங்க தெருக் கடையில தேதி முடிஞ்ச பிஸ்கட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனா, “அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா”ன்னு பதில் வரும். ஆப்ல ஒரு போட்டோ அனுப்பினா பணம் திரும்பி வந்துடுது. ராத்திரி பத்தரைக்குக் குழந்தைக்கு டயபர் தீர்ந்துட்டா நான் எங்க போவேன்?

கணக்குப்பிள்ளை:
செம்பருத்தி மேடம், நியாயமான கேள்வி. ஆனால் உங்கள் தோளில் இருந்த சுமை மறையவில்லையே, பைக்கில் வருகிற பையன் தோளுக்கு மாறியிருக்கிறது. அவனுக்குச் சரியான கூலி கொடுத்து, கெடு வைத்து விரட்டாமல் இருந்தால் பத்து நிமிட டெலிவரி இந்த விலையில் கிடைக்காது என்பதுதான் என் வாதம். ஐரோப்பாவில் அரசுகளே தலையிட்டன. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமும் ராட்டர்டாமும் 2022இல் புதிதாக டார்க் ஸ்டோர், அதாவது வாடிக்கையாளர் உள்ளே வராத, டெலிவரிக்கு மட்டுமான குட்டிக் கிடங்கு, திறக்கத் தடை போட்டன. பிரான்ஸ் அவற்றைக் கடை என்று ஏற்காமல் கிடங்கு என்று வகைப்படுத்தியது. இங்கேயும் அப்படி ஒரு வரைமுறை வேண்டும்.

தேம்ஸ்கரை:
வரைமுறை வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம். பத்து நிமிடம் தாங்காது என்பதையும் ஏற்கிறேன். நாளைக்கு வருவதற்கு இன்றைக்கே ஆர்டர் போடும் முறை தாங்கும், பிரிட்டனில் தாங்கிக்கொண்டும் இருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

மளிகைக்காரன்:
தேதி முடிஞ்ச சரக்கை வாங்க மாட்டேன்னு சொன்ன கடைக்காரர் பண்ணது தப்புதான் தங்கச்சி, அதுக்கு நான் வக்காலத்து வாங்கல. நானும் இப்போ வாட்ஸ்அப்ல லிஸ்ட் வாங்குறேன், ஜிபேல காசு வாங்குறேன். கம்பெனிக்காரங்க ஆப்காரங்களுக்குக் கொடுக்கிற ரேட்டை எனக்கும் கொடுக்கட்டும், அதுதான் கேக்குறேன்.

செம்பருத்தி:
பத்தரைக்கு வாட்ஸ்அப் பார்ப்பீங்களா அண்ணே?

மளிகைக்காரன்:
ஒன்பதரைக்கு ஷட்டர் இறக்கிடுவோம்மா. அதுக்கு மேல ஆள் போட்டா எனக்குக் கட்டுப்படியாகாது. அந்த நேரத்து டயபரை நீங்க ஆப்லயே வாங்கிக்கோங்க. மாசச் சாமானை உங்க தெருக் கடையில வாங்குங்க.