குழந்தைக் குரல் பாட்டுகள்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

ஆண்டு விழாவுக்குப் பழைய பாட்டுகள்தான் என்று எங்கள் பள்ளியில் முடிவானது. மூன்றாம் வகுப்புக்கு நான் எடுத்தது ‘கோழி ஒரு கூட்டிலே’. 1965இல் வந்த ‘குழந்தையும் தெய்வமும்’ படத்தில், பிரிந்துபோன அப்பா அம்மாவை நினைத்து ஏங்கும் இரட்டைப் பிள்ளைகளின் பாட்டு. இரண்டு வேடமும் குட்டி பத்மினி. குரல் எம்.எஸ்.ராஜேஸ்வரி, அப்போதே முப்பது வயதைத் தாண்டியவர் என்றால் யார் நம்புவார்கள்!

என் வகுப்பில் நன்றாகப் பாடுகிற பெண்ணின் பெற்றோரும் பிரிந்து வாழ்கிறவர்கள்தான். இந்தப் பாட்டை அவளிடம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவள் அம்மாவோ, “வீட்ல எப்பவும் இதைத்தான் பாடிட்டு இருக்கா மிஸ்” என்றார். ஒத்திகையில் பிள்ளைகளுக்குப் படத்தின் கதையைச் சொன்னேன். எல்லாரும் போன பிறகு அவள் வந்து, “அவங்க ரெண்டு பேர் இருக்காங்கல்ல மிஸ்? எனக்கும் இன்னொருத்தி இருந்தா, அவ அப்பாகூட இருப்பா. அப்பா தனியா சாப்பிட மாட்டாரு” என்றாள்.

கள்ளமில்லாத மனசு என்றால் ஒன்றும் அறியாத மனசு என்று நினைத்துக்கொள்கிறோம். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. யார் மேலும் கோபம்தான் இல்லை.

—

டீச்சர், நான் வளர்ந்தது ஓர் ஆதரவற்றோர் இல்லத்தில். சாயங்காலப் பிரார்த்தனையில் ‘அம்மாவும் நீயே அப்பாவும் நீயே’ கட்டாயம் உண்டு. ‘களத்தூர் கண்ணம்மா’வில் (1960) சின்னப் பையன் கமல் பாடுவதும் இல்லத்துப் பிள்ளையாகத்தான். அதுவும் ராஜேஸ்வரி அம்மா குரலே. பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வருகிறவர்கள் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைப்பார்கள். ஏன் அழுகிறார்கள் என்று எங்களுக்குப் புரியாது. ‘முருகா’ வரும் இடத்தில் யார் சத்தம் பெரிசு என்று போட்டி. பாட்டு முடிந்தால் பாயசம். என் மகன் பிறந்த பிறகு அந்தப் பாட்டை என்னால் முழுசாகக் கேட்க முடிவதில்லை. தாய் முகமும் தந்தை முகமும் பார்த்ததில்லை என்பதை எத்தனை குஷியாகப் பாடியிருக்கிறோம்!

—

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ராஜேஸ்வரி அம்மா பெரிய பாடகி, அதில் மறுப்பில்லை. என் மகளுக்கு உயிர் ‘சைவம்’ (2014) படத்து ‘அழகு’. பாடிய உத்தரா உன்னிகிருஷ்ணன் அப்போது பத்து வயதுச் சிறுமி. அவருக்கும் எழுதிய நா.முத்துக்குமாருக்கும் தேசிய விருது கிடைத்தது. முதல் தடவை கேட்டதுமே என் மகள், “இது நெஜமாவே சின்னப் பொண்ணுப்பா” என்றாள். பழைய பாட்டைப் போட்டுக் காட்டினேன். “இந்த ஆன்ட்டி நல்லா நடிக்கிறாங்க” என்றாள். அந்தக் கொஞ்சல் பெரியவர்களான நமக்குத்தான் வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் நேராகப் பேசுகிறார்கள், டீச்சருடைய மாணவி பேசியதைப் போல. விழா மேடையில் டிராக்கைப் போட்டு வாயசைக்க வைக்காமல், சுருதி விலகினாலும் பரவாயில்லை, அவர்களையே பாட விடுங்கள்.