குருத்தெலும்பின் மேலடுக்கில் கொலாஜன் இழைகள் தெரியவில்லை, உதவி தேவை

வணக்கம். மாட்டு முழங்கால் மூட்டின் குருத்தெலும்பை ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2.5% குளூட்டரால்டிஹைடில் நிலைப்படுத்தி, எத்தனாலில் படிப்படியாக நீரகற்றி, திரவ நைட்ரஜனில் உறையவைத்து உடைத்து, கிரிட்டிக்கல் பாயிண்ட் முறையில் (பரப்பு இழுவிசை திசுவைச் சுருக்காதபடி) உலர்த்தினேன். அப்புறம் தங்கப் பூச்சு.

ஆழமான பகுதியில் இழைகள் எலும்பை நோக்கிச் செங்குத்தாக இறங்குவது ஓரளவு தெரிகிறது. மேலடுக்கில்தான் தகராறு. மேற்பரப்புக்கு இணையாக ஓட வேண்டிய மெல்லிய இழைகள், கஞ்சி போட்ட துணி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. கொலாஜனுக்கே உரிய, இழை நெடுக 67 நானோமீட்டருக்கு ஒன்றாக வரும் குறுக்கு வரிகளைக் காணவே காணோம். பூச்சு கொஞ்சம் தடித்துவிட்டது, அது என் அவசரம். ஆனால் அது மட்டும் காரணமாக இருக்காது. நீர் போனதும் புரோட்டியோகிளைக்கான்கள் (இழைகளுக்கு இடையே நீரைப் பிடித்துவைக்கும் சர்க்கரை-புரத மூலக்கூறுகள்) சுருங்கி இழைகள்மேல் படிந்துவிடுகின்றன என்று நினைக்கிறேன்.

நிலைப்படுத்துவதற்கு முன்பே, சர்க்கரைச் சங்கிலிகளை வெட்டும் ஹயலூரானிடேஸ் அல்லது காண்ட்ராய்டினேஸ் ஏபிசி நொதியில் ஊறவைத்து இந்தப் புரோட்டியோகிளைக்கான்களை நீக்கிவிடலாமா? நீக்கினால் இழைகளுக்கு இடையிலான இடைவெளியே மாறிவிடுமோ என்று தயக்கம். எனக்கு அளக்க வேண்டியதே அந்த இடைவெளிதான். திசுவை அதன் நீரோடு சட்டென உறையவைக்கும் உயரழுத்த உறைவுக் கருவி எங்களிடம் இல்லை, அதனால் அந்த வழி அடைபட்டுவிட்டது.

இதைச் செய்து பார்த்தவர்கள் எந்த நொதியை, எவ்வளவு நேரம் வைத்தீர்கள் என்று சொல்லுங்களேன். சொதப்பிய படங்கள் இருந்தாலும் சரி, போடுங்கள்.