415-ல் பரோக் கச்சேரி: ஏ சேர்கிறது, அடித்தந்தி சேரவில்லை

கேள்வி:
இரண்டு வயலின், ஒரு செல்லோ, ஹார்ப்சிகார்ட் (தந்தியை மீட்டி ஒலிக்கும் பழைய விசைப்பலகை வாத்தியம்). வயலின்களிலும் செல்லோவிலும் ஆட்டுக்குடல் தந்தி, சுருதி ஏ = 415 ஹெர்ட்ஸ். கொரெல்லியின் டிரியோ சொனாட்டாக்களும் பாகின் எஃப் மைனர் வயலின் சொனாட்டாவும் வாசிக்கிறோம். ஹார்ப்சிகார்டை வலோட்டி முறையில் (சில பஞ்சமங்களைச் சற்றே குறுக்கும் பழைய சுருதி முறை) சுருதி கூட்டியிருக்கிறது. ஏ அழகாகச் சேர்கிறது. ஆனால் செல்லோவின் சி தந்தி கலங்கலாகக் கேட்கிறது. மூன்றாம் ஸ்வர இடைவெளிகளைச் சுத்தமாக்கும் மீன்டோன் முறைக்கு மாறினால் சரியாகுமா? எங்கள் கச்சேரி மாலையில்; அன்று மதியம் இன்னொரு குழு இதே ஹார்ப்சிகார்டில், விசைப்பலகையை நகர்த்தி, 440-ல் வாசிக்கப்போகிறது.

பதில் 1:
செல்லோவில் கோளாறு இல்லை. ஏ-யை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றத் தந்திகளைச் சுத்தப் பஞ்சமமாகக் கூட்டுகிறீர்கள், அதுதான் காரணம். வலோட்டியில் எஃப்-சி-ஜி-டி-ஏ-இ-பி வரிசையில் வரும் ஆறு பஞ்சமங்களும் தலா 4 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) குறுகியவை, மீதி ஆறும் சுத்தம். உங்கள் திறந்த தந்திகள் அத்தனையும் அந்தக் குறுகிய ஆறுக்குள்தான் வருகின்றன. ஏ-யிலிருந்து இறங்க இறங்க வித்தியாசம் கூடும்: டி 4 சென்ட் தாழ்ந்திருக்கும், ஜி 8, சி ஏறக்குறைய 12. வயலினின் இ மட்டும் 4 சென்ட் ஏறி நிற்கும்.

ஒவ்வொரு திறந்த தந்தியையும் ஹார்ப்சிகார்டிலிருந்தே தனித்தனியாக வாங்குங்கள். அப்போது ஒரே ஒரு எட்டடி ரெஜிஸ்டர் (எழுதிய சுருதியிலேயே ஒலிக்கும் ஒரு தந்தி வரிசை) போதும். இரு எட்டடி வரிசைகளையும் சேர்த்துத் திறந்தால், அவற்றுக்குள் இருக்கும் சிறு விலகலே காதைக் குழப்பும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. மீன்டோன் வேண்டாம். மீன்டோனின் பரவலான வகையான கால்-கமாவில் மூன்றாம் ஸ்வரங்கள் தேனாக இருக்கும், ஆனால் ஜி ஷார்ப் இருக்கும் இடத்தில் ஏ ஃபிளாட் கிடையாது. வித்தியாசம் 41 சென்ட். எஃப் மைனருக்கு ஏ ஃபிளாட் இல்லாமல் முடியாது.

விசைப்பலகை விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பலகையை அரை ஸ்வரம் நகர்த்தினால் சுருதி மாறும், வலோட்டியும் கூடவே இடம் மாறிவிடும். 440-க்குப் போனால் சி கட்டை முன்பு சி ஷார்ப்பாக இருந்த தந்தியை மீட்டும். 392 சென்டாக இருந்த சி-இ இடைவெளி 408 ஆகிவிடும். அதனால் மதியக் குழு 440-க்கு ஏற்ப மறுபடி கூட்டினால், 415-க்குரிய உங்கள் வலோட்டி கலைந்துவிடும். எனவே மாலைக்கு 415-க்குத் திரும்பியதும் முழுதாக மறுபடி கூட்டியாக வேண்டும். அந்த நேரத்தை அரங்கக்காரரிடம் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். சுற்றிலும் நாற்காலி இழுபடும்போது விம்மல் (இரு ஒலிகள் சற்றே விலகும்போது ஏறி இறங்கும் துடிப்பு) காதில் விழாது.

சரிபார்க்க: 415 ஏ-யும் அதன் கீழுள்ள டி-யும் சேர்ந்து ஒலிக்கையில் விநாடிக்கு இரண்டுக்குச் சற்றே குறைவாக விம்மல் வரணும். எல்லாம் முடிந்ததும் ஏ ஃபிளாட்-இ ஃபிளாட் பஞ்சமத்தில் விம்மலே இருக்கக் கூடாது. இருந்தால் வழியில் எங்கோ பிழை.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. இடைவேளையிலும் முழுக்கக் கூட்டணுமா?

பதில் 2:
தேவையில்லை. ஸ்தாயிகளையும், இரு எட்டடி வரிசைகள் ஒன்றோடொன்று சேர்கின்றனவா என்பதையும் பார்த்து, நகர்ந்ததை மட்டும் தொடுங்கள். மேடை விளக்கும் ஏசியும் கச்சேரியில் இருக்கப்போகிற அளவிலேயே, கூட்டத் தொடங்குவதற்கு வெகு நேரம் முன்பே ஓடட்டும். ஈரப்பதம் ஏறினால் ஒலிப்பலகை உப்பிச் சுருதி மேலே போகும்.

பதில் 3:
வயலின்காரர்களுக்கு: முதலில் அறுவது இ தந்திதான். புதிய தந்தியைச் சில நாள் முன்பே மாட்டி இழுபட விடுங்கள். கழற்றிய பழையது நல்ல நிலையில் இருந்தால் அதையே மாற்றுத்தந்தியாக வையுங்கள், ஏற்கெனவே இழுபட்டது என்பதால் சீக்கிரம் நிலைக்கும். பிரடைப் பக்கம் தந்தி படியும் பள்ளத்திலும் குதிரையின் பள்ளத்திலும் பென்சில் கரியைத் தேய்க்கவும். பிசிறு எழுந்தால் பிடித்து இழுக்காமல் நகவெட்டியால் ஒட்ட நறுக்கவும்; இழுத்தால் புரி பிரிந்து அந்த இடத்திலேயே அறும்.